மரம் விடும் ஆவி, மனிதன் விடும் புகை: காற்றில் துகள் எப்படிப் பிறக்கிறது?

மரங்களும் காற்றை மாசுபடுத்துகின்றன என்று ஒரு செய்தி வரும். அடுத்த வாரமே, காற்றைச் சுத்தப்படுத்த மரம் நடுங்கள் என்று இன்னொன்று வரும். வாகனங்கள் ஓடாத நாட்களிலும் புகைமூட்டம் விலகவில்லை என்று மூன்றாவதாக ஒன்று வந்து, அப்படியானால் வாகனப் புகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்க வைக்கும். மூன்றிலும் உண்மை இருக்கிறது. குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், நம் மனதில் இருக்கும் படத்திலிருந்து. புகைபோக்கியிலிருந்து கரி வருகிறது, காற்றில் மிதக்கிறது, மூச்சில் நுழைகிறது என்பதுதான் அந்தப் படம். ஆனால் நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள்களில் பல இடங்களில் பாதிக்கும் மேல் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் துகளாக வெளியே வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வாயுவாக வருகிறது, வந்த பிறகு காற்றிலேயே சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ துகளாக மாறுகிறது. மரம் விட்ட வாயுவும் மனிதன் விட்ட வாயுவும் கலந்து வினைபுரிவது அந்த இடைவெளியில்தான்.

1980-ல் அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தின்போது ரொனால்டு ரீகன், காற்று மாசின் பெரும்பங்கு செடிகொடிகளிலிருந்து வருகிறது என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். கேலி செய்தவர்கள் செய்ததில் தப்பில்லை. ஆனால் அவர் சொன்னதற்குள் ஒரு பாதி வேதியியல் ஒளிந்திருந்தது. மறுபாதியைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் தலைகீழாகிறது.

## எவ்வளவு சிறியது துகள்?

காற்றில் மிதப்பது திடமோ திரவமோ, இங்கே எல்லாம் துகள்தான். மண் தூசி, கடல் உப்பு, கரி, அமிலத் துளி, பிசின் போன்ற கரிம (அதாவது கார்பன் சேர்மங்களாலான) உருண்டை எல்லாம் இதில் அடக்கம். துகள்களையும் அவை மிதக்கும் காற்றையும் சேர்த்து ஏரோசால் என்கிறார்கள். செய்திகளில் அடிபடும் பி.எம். 2.5 என்பது, 2.5 மைக்ரோமீட்டரும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்) அதற்குக் கீழும் விட்டமுள்ள எல்லாத் துகள்களின் மொத்த எடை, அதாவது ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 60 அல்லது 70 மைக்ரோமீட்டர். இந்தத் துகள் அதில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதற்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

இது எடைக் கணக்கு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 10 மைக்ரோமீட்டர் துகள் ஒன்றின் எடையும், 0.1 மைக்ரோமீட்டர் துகள்கள் பத்து லட்சத்தின் எடையும் (அடர்த்தி ஒன்றே என்றால்) சமம். எனவே எடையை அளக்கும் கருவி ஒரு கதை சொல்லும், எண்ணிக்கையை அளக்கும் கருவி வேறு கதை சொல்லும்.

அளவைப் பொறுத்து ஆயுளும் மாறுகிறது:

1. 0.1 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளவை எண்ணிக்கையில் மிக அதிகம். ஓயாமல் அலைந்து ஒன்றோடொன்றும் பெரிய துகள்களோடும் மோதி ஒட்டிக்கொள்வதால், இவை பெரும்பாலும் சில மணி நேரங்களுக்கு மேல் தனியாக இருப்பதில்லை.

2. 0.1 முதல் 1 வரை உள்ளவைதான் தொல்லை. மோதிப் போய் ஒட்டும் அளவுக்கு வேகமும் இல்லை, கீழே விழும் அளவுக்கு எடையும் இல்லை. மழை வந்து கழுவும்வரை மிதந்துகொண்டே இருக்கும். சராசரியாக ஒரு வாரம், அதற்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம்.

3. 1-க்கு மேல் போனால் மண், உப்பு, மகரந்தம் மாதிரியானவை. பெரிதாக ஆக ஆக, தங்கள் எடையாலேயே சீக்கிரம் இறங்கிவிடும்.

வாயுவிலிருந்து பிறக்கும் துகள்கள் கடைசியில் போய்த் தங்குவது இரண்டாவது கூட்டத்தில்.

## நேராக வருபவை, பிறகு உருவாகுபவை

துகளாகவே வெளியே வருவதை முதல்நிலைத் துகள் என்கிறார்கள்: டீசல் கரி, காட்டுத்தீப் புகை, பாலைவனத் தூசி, அலை உடைந்து தெறிக்கும் உப்பு, எரிமலைச் சாம்பல். இவற்றில் மனிதனுடையது எது, இயற்கையினுடையது எது என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். வாயுவாக வந்து காற்றில் துகளாவது இரண்டாம்நிலைத் துகள். பிரிக்க முடியாத சிக்கல் எல்லாம் இதில்தான், எனவே இனி இதைப் பற்றி மட்டும்.

## வாயு எப்படித் துகளாகிறது?

பெட்ரோல் தரையில் சிந்தினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மெழுகு சிந்தினால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஒன்று எளிதாக ஆவியாகும், மற்றது ஆகாது, அவ்வளவே வித்தியாசம். வாயு துகளாக மாறுவதென்றால், பெட்ரோல் மாதிரி இருந்த ஒரு மூலக்கூறு காற்றிலேயே மெழுகு மாதிரி ஆகிவிடுவது. அதைச் செய்வது ஆக்சிஜனேற்றம்.

1. தாக்குதல். பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர் ஓசோனை உடைக்க, உடைந்த துண்டு நீராவியோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற ராடிக்கலை (எதோடாவது உடனே வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டை) உண்டாக்குகிறது. தரைமட்டக் காற்றில் பகலில் சுமார் 25 லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இது இருக்கும், பிறந்து ஒரு நொடிக்குள் எதையாவது தாக்கிவிட்டு மறைந்துவிடும். இருந்தும் காற்றின் வேதியியலைப் பெரிதும் நடத்துவது இதுதான். ஓசோனே நேராகத் தாக்குவதும் உண்டு. இரவில் அந்த வேலையை நைட்ரேட் ராடிக்கல் எடுத்துக்கொள்கிறது. அது நைட்ரஜன் ஆக்சைடும் ஓசோனும் சேர்ந்து உண்டாவது.

2. கனமாதல். தாக்கப்பட்ட மூலக்கூறில் ஆக்சிஜன் ஏறுகிறது. ஏற ஏற அதன் ஆவியாகும் தன்மை குறைகிறது. இது படிப்படியாக, மணிக்கணக்கில் நடக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மரங்களின் டெர்பீன் ஆவிகளில், ஒருமுறை தொடக்கிவிட்டால் போதும், மூலக்கூறு தானாகவே சில நொடிகளில் அடுத்தடுத்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஆவியாகவே முடியாத பொருளாகிவிடுகிறது என்பது 2014 வாக்கில் தெளிவானது.

3. ஒட்டுதல். இப்படிக் கனமானது எங்கே போகும்? ஏற்கனவே மிதக்கும் துகள் ஏதாவது இருந்தால் அதன்மேல் படிந்துவிடும், துகள் தடிக்கும். எடையில் பெரும்பங்கு கூடுவது இப்படித்தான்.

4. புதிதாகப் பிறத்தல். படிய இடம் குறைவாக இருந்தால், மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே கூடிப் புதுத் துகளைத் தொடங்கப் பார்க்கும். இதைக் கருவாக்கம் என்கிறார்கள். கேட்க எளிது, நடப்பது கடினம். நாலைந்து மூலக்கூறு சேர்ந்த கொத்தில் ஏறக்குறைய எல்லாமே மேற்பரப்பில்தான் இருக்கும், பிடித்துவைக்க அக்கம்பக்கத்தில் ஆள் போதாமல் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். இந்தத் தடையைத் தாண்டி 2 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அளவை எட்டிய கொத்துதான் வளரும். மணிக்குச் சில நானோமீட்டர் வீதம் வளர்ந்து, அரை நாளிலோ ஒரு நாளிலோ 50 முதல் 100 நானோமீட்டர் ஆகும். அதுவும் வழியில் பெரிய துகள் எதுவும் விழுங்காமல் இருந்தால்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்று கொஞ்சம் சுத்தமாக இருக்கும்போதுதான் புதுத் துகள்கள் ஏராளமாகப் பிறக்கும். அழுக்கான காற்றில் படிய இடம் நிறைய இருப்பதால் ஆவி எல்லாம் அங்கே போய்விடும். பின்லாந்தின் ஹுயிட்டியாலா காட்டில் 1996 முதல் இதைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். சாலையோ ஆலையோ பக்கத்தில் இல்லாத பைன் காட்டில், வெயிலடிக்கும் வசந்த காலக் காலையில் திடீரென்று ஆயிரக்கணக்கில் துகள்கள் முளைக்கும்.

கருவாக்கத்தைத் தொடங்கிவைப்பது யார் என்று கண்டுபிடிக்க ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் 26 கனமீட்டர் எஃகுக் கலன் ஒன்றை வைத்து 2009 முதல் சோதனை நடக்கிறது. கிளவுட் என்று பெயர். தரைக்கு அருகே நடக்கும் கருவாக்கத்துக்குச் சல்ஃப்யூரிக் அமிலம், நீர், அம்மோனியா மூன்றும் போதவில்லை என்று 2011-ல் சொன்னார்கள். அம்மோனியாவின் உறவினரான அமீன்கள் மிகமிகச் சிறு அளவில் இருந்தாலே கதை மாறிவிடுகிறது என்றார்கள் 2013-ல். சல்ஃப்யூரிக் அமிலமே இல்லாமல், பைன் மரத்தின் மணத்துக்குக் காரணமான ஆல்ஃபா பைனீனின் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் தனியாகவே துகளைத் தொடங்க முடியும் என்பது 2016-ல் வந்தது. ஆலைகளே இல்லாத காலத்திலும் வானத்தில் இப்படித் துகள்கள் பிறந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

## எதிலிருந்து எது?

சல்ஃபேட். நிலக்கரியும் கனரக எண்ணெயும் எரிந்தால் சல்ஃபர் டைஆக்சைடு வரும் (சல்ஃபர் என்றால் கந்தகம்). எரிமலையும் அதையே கக்கும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து வரும் டைமெதில் சல்ஃபைடும் ஓரளவு இங்கேயே வந்து சேரும். இது காற்றில் சல்ஃப்யூரிக் அமிலமாகி, அம்மோனியாவைப் பிடித்து அம்மோனியம் சல்ஃபேட் ஆகிறது. எடைக் கணக்கைப் பாருங்கள்: 1 கிலோ சல்ஃபர் டைஆக்சைடு முழுக்க மாறினால் 2 கிலோவுக்கும் கொஞ்சம் அதிகமாகத் துகள் கிடைக்கும். மிச்ச எடையைக் காற்றும் நீரும் அம்மோனியாவும் கொடுக்கின்றன. புகைபோக்கியில் போட்ட வடிகட்டி இந்த வாயுவை நிறுத்தாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

இந்த மாற்றம் வாயுவில் நடப்பதைவிட மேகத்துளிக்குள்ளும் மூடுபனித் துளிக்குள்ளும் படுவேகமாக நடக்கும். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் நின்ற மூடுபனி அப்படி ஒரு அமிலக் கிடங்காக மாறியது. உடனடிக் கணக்கு 4,000 பேர் இறந்ததாகச் சொன்னது. பிற்கால மதிப்பீடுகள் 12,000 வரை போயின.

நைட்ரேட். எங்கே மிகுந்த வெப்பத்தில் எரிப்பு நடக்கிறதோ அங்கே காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகும். மின்னலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் இயற்கைப் பங்கு. இவை நைட்ரிக் அமிலமாகி அம்மோனியாவோடு சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட். சல்ஃபேட்டைப் போல இது கெட்டியான ஆள் இல்லை. குளிரும் ஈரமும் இருந்தால் துகளாக இருக்கும், வெயில் ஏறினால் பிரிந்து மறுபடி வாயுவாகிவிடும். குளிர்காலக் காலைப் புகைமூட்டம் மதியத்தில் இளகுவதற்கு, காற்று மேலெழுந்து கலப்பதோடு இதுவும் ஒரு காரணம்.

அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விவசாயத்திலிருந்து: யூரியா போன்ற உரமும், கால்நடைக் கழிவும். பெட்ரோல் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் பொருத்தும் வினையூக்கிக் கருவியும் ஓரளவு அம்மோனியாவை வெளியே விடுகிறது. ஒரு பிரச்சினைக்கு மருந்து போட்டால் இன்னொரு பக்கம் கசிவது இந்தத் துறையில் வாடிக்கை.

கரிமத் துகள். மூன்றிலும் சிக்கலானது இதுதான். ஆயிரக்கணக்கான வகை மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் பல வழிகள். மூலப்பொருள் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் எனப்படும் வாயுக்கள். மனிதன் தரப்பில் எரிபொருள் ஆவி, புகை, பெயிண்ட், மை, பசை, துப்புரவுத் திரவம், வாசனைத் திரவியம் எல்லாம் சேரும். தொழில்வளம் மிக்க நகரங்களில் பெட்ரோலியத்திலிருந்து வரும் இத்தகைய வாயுக்களில் ஏறக்குறைய பாதி இப்போது வாகனத்திலிருந்து வரவில்லை, இந்த வீட்டு, தொழிற்கூட ரசாயனங்களிலிருந்து வருகிறது என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. வாகனங்கள் சுத்தமானதால் மற்றவற்றின் பங்கு மேலே வந்து நிற்கிறது.

## மரங்கள் என்ன விடுகின்றன?

இயற்கையின் தரப்பு இதைவிடப் பல மடங்கு பெரியது. உலகெங்கும் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் கரிம வாயுக்களை விடுகின்றன, அதில் பாதியளவு ஐசோப்ரீன் என்ற ஒற்றைப் பொருள். ஓக், பாப்லர், யூகலிப்டஸ் போன்றவை இதை நிறைய விடும். வெப்பமும் வெளிச்சமும் கூடக் கூட உமிழ்வும் கூடும். வெப்பத் தாக்கத்திலிருந்து இலையைக் காத்துக்கொள்ள இது உதவுகிறது. பைன் வகை மரங்கள் விடுவது பெரும்பாலும் டெர்பீன்கள், அந்தக் காட்டுக்குள் நுழைந்ததும் வரும் வாசனை அதுதான். பூச்சிகளைத் தடுப்பது, அடிபட்ட இடத்தைப் பிசினால் மூடுவது எல்லாம் இவற்றின் வேலை.

காடு நிறைந்த மலைகளின்மேல் தெரியும் நீலப் படலத்துக்கு இந்த ஆவிகள் காற்றில் வினைபுரிந்து துகளாவதே காரணம் என்று 1960-ல் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் எழுதினார். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள் நீலத்தையே அதிகம் சிதறடிக்கும், அதனால் அந்த நிறம். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல், அடிப்படையில் சரியும்கூட.

ஆனால் ஐசோப்ரீன் வெகுநாள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அது சிறிய மூலக்கூறு, ஆக்சிஜன் ஏறினாலும் வாயுவாகவே இருந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். 2004-ல் அமேசான் காட்டின் துகள்களில் ஐசோப்ரீனிலிருந்து மட்டுமே வந்திருக்கக்கூடிய பொருள்கள் அகப்பட்டன. ஆண்டுக்கு 50 கோடி டன் வெளியாகும் ஒன்றில் 5 விழுக்காடு துகளானாலே 2.5 கோடி டன், அதனால் இதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. 2024 இறுதியில் வெளியான ஆய்வுகள் இன்னொரு வழியையும் காட்டின: இரவில் இடிமேகங்கள் அமேசானின் ஐசோப்ரீனை உறிஞ்சிப் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகின்றன, விடிந்ததும் அந்தக் கடுங்குளிரில் மின்னல் தந்த நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து ஏராளமான புதுத் துகள்கள் பிறக்கின்றன.

## இரு பெற்றோரின் பிள்ளை

இப்போது ரீகன் விட்ட மறுபாதி.

துகளிலுள்ள கார்பன் பழையதா புதியதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உயிரோடு இருக்கும் தாவரத்தில் கார்பன்-14 இருக்கும். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள் என்பதால், கோடிக்கணக்கான ஆண்டு புதைந்துகிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். துகளை வடிகட்டியில் பிடித்து இதை அளந்தார்கள். நகரத்தை ஒட்டிய காற்றில்கூடக் கரிமத் துகளின் கார்பனில் பெரும்பங்கு புதியது, அதாவது தாவரத்திலிருந்து வந்தது என்று பல இடங்களில் தெரிந்தது. (விறகுப் புகையும் புதுக் கார்பன்தான், அதைக் கழித்துவிட்டே பார்க்க வேண்டும்.)

சரி, மரம்தான் குற்றவாளி என்று முடித்துவிடலாமா? அதே இடங்களில் இன்னொன்றும் தெரிந்தது. கரிமத் துகளின் அளவு ஏறி இறங்குவது மரங்களின் உமிழ்வைப் பின்பற்றவில்லை, நகரப் புகையின் அடையாளமான கார்பன் மோனாக்சைடைப் பின்பற்றியது. கார்பன் மரத்தினுடையது, கடிவாளம் நகரத்தின் கையில். இந்த முரண் பல ஆண்டுகள் ஆய்வாளர்களை அலைக்கழித்தது. விடை இப்போது ஓரளவு தெரியும்:

1. அமிலம் பிடித்திழுக்கிறது. ஐசோப்ரீன் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் எபாக்சைடு வகைப் பொருள் ஒன்று, தானாகத் துகளில் தங்காது. ஈரமான, அமிலத்தன்மையுள்ள சல்ஃபேட் துகள் எதிரே வந்தால் அதற்குள் புகுந்து, வினைபுரிந்து, வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ளும். சல்ஃபேட் தந்தது மின்நிலையம், கார்பன் தந்தது மரம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் 2013-ல் நடந்த பெரிய கள ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது.

2. நைட்ரஜன் ஆக்சைடு வினையைத் திருப்புகிறது. அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே மர ஆவி வேறு வேறு பொருளாக முடியும். கூடவே ஓசோனையும் ஹைட்ராக்சிலையும் பெருக்கி, ஆவி துகளாகும் வேகத்தையே கூட்டும். அமேசான் நடுவே இருக்கும் மனவுஸ் நகரத்தின் புகை காட்டுக்குமேல் போகும் பாதையில் 2014-ல் விமானத்தை வைத்து அளந்தபோது, சுற்றிலும் அதே காடு, அதே மரங்கள், ஆனால் புகை போகும் கோட்டில் மட்டும் மர ஆவியிலிருந்து உருவான துகள் கணிசமாகக் கூடியிருந்தது.

3. படிய இடம் கிடைக்கிறது. பாதி ஆவி, பாதி துகள் என்று ஊசலாடும் பொருள்கள் நிறைய உண்டு. ஏற்கனவே கரிமத் துகள் அதிகம் இருந்தால் அவை அந்தப் பக்கம் சாயும். அழுக்கு அழுக்கைச் சேர்க்கும்.

எனவே "இந்தத் துகளில் எத்தனை விழுக்காடு இயற்கை?" என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. கார்பன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஓர் எண் வரும். மனித உமிழ்வு இல்லாவிட்டால் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டால் வேறு எண் வரும், அது முதல் எண்ணைவிட மிகக் குறைவாக இருக்கலாம். செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் முதல் எண்ணைப் போட்டுவிட்டு இரண்டாவதைச் சொல்வது போலப் பேசும். என்னைக் கேட்டால், பயனுள்ள கேள்வி இரண்டாவதுதான். காட்டின் ஆவியை நிறுத்த முடியாது, கொதிகலனில் கந்தகத்தைப் பிடிக்கலாம்.

## பாதி குறைத்தால் பாதி குறையாது

2020 தொடக்கத்தில் சீனாவில் ஊரடங்கு வந்தபோது வாகன நைட்ரஜன் ஆக்சைடு சட்டென்று சரிந்தது. வடசீனத்தில் அதே நாட்களில் கடும் துகள் மூட்டம். எப்படி?

நைட்ரஜன் ஆக்சைடுக்கு இரட்டை வேடம். ஓசோனை உண்டாக்கவும் அது வேண்டும், அளவுக்குமேல் இருந்தால் ஓசோனையும் ஹைட்ராக்சிலையும் தின்றுவிடுவதும் அதுவே. குளிர்காலப் பெருநகரம் இரண்டாவது நிலையில் இருக்கும். அங்கே அது குறைந்ததும் ஓசோன் ஏறியது, காற்றின் ஆக்சிஜனேற்றத் திறன் கூடியது, ஓடிக்கொண்டேயிருந்த மின்நிலையங்களும் ஆலைகளும் விட்ட மற்ற வாயுக்கள் இன்னும் சுறுசுறுப்பாகத் துகளாயின. ஈரப்பதமும் காற்றோட்டமின்மையும் கூட்டுச் சேர்ந்தன. வாகனம் நின்றும் மூட்டம் நிற்கவில்லை என்பதன் உட்கதை இதுதான். வாகனத்துக்குச் சம்பந்தம் இல்லை என்று அர்த்தமில்லை, அதை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு கணக்கு. ஒரு சல்ஃப்யூரிக் அமில மூலக்கூறு இரண்டு அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும். சல்ஃபர் குறைந்தால் அந்த இரண்டும் விடுதலையாகும். காற்றில் நைட்ரிக் அமிலம் காத்திருந்தால், ஆளுக்கொன்றாகப் பிடித்து இரண்டு நைட்ரேட் உருவாகும், குளிராக இருந்தால் துகளாகவும் தங்கிவிடும். சல்ஃபேட் நன்றாகக் குறைந்த பல பகுதிகளில் இன்று நைட்ரேட் முன்னுக்கு வந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். அம்மோனியாவையும் சேர்த்துக் குறைத்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும், அது விவசாயத்தின் பக்கம் போகிற பேச்சு என்பதால் அரசுகள் தயங்குகின்றன.

எதிர்த்திசையில் நடப்பதும் உண்டு, அது நல்ல செய்தி. அமிலத்தன்மையுள்ள சல்ஃபேட் குறைந்தபோது, மரத்தில் கை வைக்காமலே ஐசோப்ரீனிலிருந்து வரும் துகளும் சேர்ந்து குறைந்தது.

## மேகம் வரை போகும் விளைவு

துகளே இல்லாத காற்றில் நீராவி தானாகத் துளியாக வேண்டுமானால் ஈரப்பதம் 400 விழுக்காடு அளவுக்கு ஏற வேண்டும். உண்மையில் மேகத்துக்குள் அது 100-ஐ ஒரு விழுக்காடுகூடத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு மேகத்துளியும் ஒரு துகளின்மேல் தொடங்குவதால்தான் இது சாத்தியம். துகள் கூடினால் அதே நீர் அதிகமான, சிறிய துளிகளாகப் பிரியும், மேகம் வெளுக்கும், சூரிய ஒளியை அதிகம் திருப்பியனுப்பும். துகள்கள் நேராகவும் ஒளியைச் சிதறடிக்கின்றன. (கரியோ பெரும்பாலும் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும்.) 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை கோடி டன்னுக்கும் மேல் சல்ஃபர் டைஆக்சைடை மேல் வளிமண்டலத்தில் கக்கியதில், அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி தணிந்தது.

மனிதன் சேர்த்த துகள்களின் குளிர்விப்பு சதுரமீட்டருக்குச் சுமார் 1.1 வாட் என்று காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. கார்பன் டைஆக்சைடின் சூடேற்றம் சுமார் 2.2 வாட். அதாவது நாம் விட்ட புகையின் ஒரு பகுதி, நாமே ஏற்றிய சூட்டின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் 1.1 என்ற எண்ணின் பிழை எல்லை 0.4-லிருந்து 1.7 வரை நீள்கிறது. அவ்வளவு அகலமாக இருப்பதற்கு ஒரு காரணம் மேலே பார்த்த மரக் கதையே. மனிதன் எவ்வளவு சேர்த்தான் என்று சொல்ல, மனிதனுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். காடே தனியாகத் துகள்களைப் பிறப்பிக்குமானால் பழைய வானம் நினைத்ததைவிடத் துகள் நிறைந்ததாக இருந்திருக்கும், நாம் சேர்த்தது மேகத்தில் செய்த மாற்றமும் அந்த அளவுக்குச் சிறியதாகும்.

2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. கப்பல் போன வழியில் கடல்மேகத்தில் கோடு கோடாக விழும் வெண்தடங்கள் செயற்கைக்கோள் படங்களில் அதன்பிறகு வெகுவாகக் குறைந்தன. துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்களின் நுரையீரலுக்கு இது நல்லது. மறைந்திருந்த சூட்டில் கொஞ்சம் வெளியே வருகிறது என்பதும் உண்மை, அது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை.

## அப்படியானால் மரம் நடலாமா?

நடலாம். இலைகள் துகளைப் பிடிக்கும், நிழல் தரும், வெப்பத்தைக் குறைக்கும். ஆனால் எந்த மரம் என்பது முக்கியம், குறிப்பாக நைட்ரஜன் ஆக்சைடு நிறைந்த நகரத்தில். ஐசோப்ரீனையும் டெர்பீனையும் அதிகம் விடும் இனத்தை அங்கே வரிசையாக நட்டால், வெயில் உச்சத்தில் ஓசோனுக்கும் துகளுக்கும் தீனி போட்டதாகும். குறைவாக விடும் இனங்கள் இருக்கின்றன, பட்டியல்களும் இருக்கின்றன. அதே அதிகம் விடும் மரம் புகையில்லாத மலையில் நின்றால் நீலப் படலம் மட்டும் தெரியும்.

அப்புறம் ஒன்று. பூமி சூடாகச் சூடாக, நீர் கிடைக்கும் இடங்களில் மரங்கள் இந்த ஆவிகளை இன்னும் அதிகமாக விடும், காட்டுத்தீயும் கூடும். இயற்கையின் பங்கு ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோடை நாட்களில், அது துகளாக மாறுவதைத் தடுக்க நம்மிடம் இருக்கும் கைப்பிடிகள் நைட்ரஜன் ஆக்சைடு, சல்ஃபர் டைஆக்சைடு, அம்மோனியா, ரசாயன ஆவிகள் ஆகியவைதான்.